அம்மன் திரும்பிய சந்தி

கட்டுநாயக்காவில் என் மகளின் மஞ்சள் கருவியை மேசையில் வைத்துவிட்டு ஐந்து பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் தட்டிப் பார்த்தார். ஒருவர் காதில் வைத்துப் பார்த்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"இது என்ன செய்யும்?" என்று அவர்களில் பெரியவர் கேட்டார்.

தாரணிக்கு மறைத்துப் பேசத் தெரியாது. சுவிசில் வளர்ந்த பிள்ளை. "நாங்கள் நிற்கிற இடத்தைச் சரியாகச் சொல்லும். வானத்தில் சுற்றுகிற செய்மதியோடு தொடர்பு வைத்திருக்கும்," என்று ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தாள். சமாதானம் முறிந்து சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். தமிழ்ப் பெயரோடு வந்திறங்கிய பிள்ளை சொல்லக்கூடிய வசனமா இது? முருகா முருகா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"நீங்கள் நிற்கிற இடத்தை நானே சொல்கிறேன்," என்றார் அவர். "இது விமான நிலையம். திரும்பிப் போகும்போது வந்து எடுத்துக்கொள்ளுங்கள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒரு துண்டும் எழுதித் தந்தார். அதோடு விட்டதே பெரிய காரியம். தாரணிக்கோ முகம் கறுத்துவிட்டது. "அப்பா, அது இல்லாமல் நான் என்னண்டு வேலை செய்யிறது?" என்று வான் ஏறுமட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள். "உன்ர கொம்மாவுக்கு உன்னை முழுசாய்க் கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் என்ர வேலை. மற்றது எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டேன்.

அவள் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். பேர்ன் நகரத்தில் புவியியல் தகவல் முறைமை என்ற துறையில் முதுமாணிப் படிப்புப் படிக்கிறாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. எனக்கு விளங்கின அளவில், ஊரை மேலே இருந்து பிடித்த படத்தின்மேல் வீதி ஒரு தாள், வீடு ஒரு தாள், ஆஸ்பத்திரி ஒரு தாள் என்று கண்ணாடித் தாள்களைப் போல அடுக்கிவைத்து, பிறகு கம்பியூட்டரிடம் கேள்வி கேட்பது. அவள் கேட்ட கேள்வி இதுதான்: கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் நெஞ்சுவலி வந்தால் எந்த வீதியால் போனால் ஆஸ்பத்திரிக்குக் கெதியாய்ப் போகலாம்?

உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்கக் கொட்டாஞ்சேனை ஏன் என்றால், என் அண்ணர் அங்கேதான் செத்தார். போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவரை அண்ணி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறா. சந்தியில் ஓட்டோக்காரன், "மேல் வீதியாலயோ, கீழ் வீதியாலயோ அக்கா?" என்று கேட்டிருக்கிறான். அண்ணி மேல் வீதி என்று சொல்லியிருக்கிறா. அங்கே சோதனைச் சாவடி. வரிசை. முறை வருவதற்குள் அண்ணர் அண்ணியின் மடியிலேயே போய்விட்டார்.

அன்றிலிருந்து அண்ணி தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் ஒரே கதை. "தம்பி, நான் கீழ் வீதி எண்டு சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார் என்ன?" எல்லாம் விதி என்போம், அவன் செயல் என்போம். அடுத்த கிழமை திரும்பவும் அதே கேள்வி.

தாரணியின் கம்பியூட்டர் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. கீழ் வீதியால் போனால் பாதி நேரம்தானாம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னாள். மனைவி கோப்பையை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, "பெரியம்மாவிட்டை வாய் திறந்தியோ, தெரியும்!" என்றாள். ஆனால் தாரணியின் பேராசிரியர் விடவில்லை. நேரில் போய்ப் பார்க்காத வீதியில் போட்ட கோட்டைத் தான் ஏற்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அண்ணர் செத்து ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசம். அவளுக்கு அந்தக் கீழ் வீதி. இரண்டுக்குமாக ஒரே விமானத்தில் வந்திறங்கினோம்.

வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் வானை எத்தனை இடத்தில் மறித்தார்கள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் பெட்டியைத் திறந்து திறந்து, அண்ணிக்குக் கொண்டுவந்த சொக்கிளேற் வெயிலில் உருகி, என் பட்டு வேட்டியில் வடிந்துவிட்டது. திவசத்துக்குக் கட்ட வைத்திருந்த வேட்டி. யாரைக் கோபிப்பது?

தங்கின லொட்ஜ் கடற்கரைப் பக்கம். ரயில் போகும்போது கட்டில் ஒரு முழம் நகரும். பேர்னிலும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகிறது. தண்ணீர்க் குவளைகூட அசையாது. ஆனால் பேர்னில் இந்த இடியப்பம் கிடைக்காது. காலையில் பக்கத்துக் கடையில் இடியப்பமும் சொதியும் கட்டைச் சம்பலும் வைத்தார்கள் பாருங்கள், கோபமெல்லாம் அரை மணித்தியாலம் ஒத்திப்போயிற்று. தாரணி மூன்று இடியப்பம் தின்றுவிட்டு உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பொலிஸ் பதிவு. வெளியிலிருந்து வந்து தங்குகிற தமிழர் எல்லாரும் போய்ப் பதியவேண்டும். லொட்ஜ் முகாமையாளர் ஒரு சாவகச்சேரிக்காரர். போகும் வழியிலேயே எங்களுக்குப் பாடம் எடுத்தார். "ஏன் வந்தனியள் எண்டு கேட்பினம். கோயில், திவசம், அவ்வளவுதான். தங்கச்சி, மேப் எண்ட சொல்லை வாயாலையும் எடுக்கப்படாது."

"நான் படிக்கத்தானே வந்தனான், அங்கிள்."

"ஐயோ கடவுளே! அப்ப வாயே திறக்காதேங்கோ. ஊமை எண்டு எழுதுவம்."

பொலிஸ்காரர் தலை நிமிராமல், "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டார். நான் அண்ணரின் திவசம் என்றேன். அது பொய்யில்லை. அவர் எழுதிக்கொண்டே, "எனக்கும் அடுத்த மாதம் அம்மாவின் நினைவுத் தானம் இருக்கிறது, லீவு தரமாட்டேன் என்கிறார்கள்," என்று சலித்துக்கொண்டார். அவருக்கும் அலுப்பு, எங்களுக்கும் அலுப்பு.

அடுத்த நாள் திவசம். வாழைக்காய், கத்தரிக்காய், பூசணி, வாழையிலைக் கட்டு எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பாதி வழியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். எங்களுடைய பாஸ்போட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து முடிவதற்குள் பஸ் போய்விட்டது. அண்ணரின் மரக்கறி எல்லாம் எங்களுக்கு முந்திக் கொட்டாஞ்சேனைக்குப் போகிறது! நான் வீதியில் நின்று கத்தினேன். தாரணி, "அப்பா, சத்தம் போடாதேங்கோ," என்று கையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் வந்த பஸ்ஸில் போய் இறங்கினால், தரிப்பிடத்துத் தேத்தண்ணிக் கடையில் எங்கள் கட்டு பத்திரமாக இருந்தது. "வெள்ளைத் தலை ஒண்ணு ஏசிக்கிட்டு வரும், குடுத்துடுங்கன்னு கண்டக்டர் சொன்னாரு," என்றார் கடைக்காரர். ஏசினதுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அண்ணி நன்றாக மெலிந்திருந்தா. திவசம் குறையில்லாமல் முடிந்தது. ஐயர் போன பிறகு, படைத்த சோறும் பூசணிக்கறியும் வாழைக்காய்ப் பொரியலும் சாப்பிட்டுவிட்டு நான் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டேன். எழும்பிப் பார்த்தால், குசினி நிலத்தில் தாரணி ஒரு பெரிய படத்தை விரித்து வைத்திருக்கிறாள்! வானத்திலிருந்து பிடித்த கொட்டாஞ்சேனை. ஒரு மூலையில் துறைமுகம், கப்பலோடு.

"தம்பி, இஞ்ச பாருங்கோவன். இந்தத் தகரம் எங்கட குசினி!" என்று அண்ணி ஆசையோடு விரல் வைத்துக் காட்டினா. விரல் மெல்ல நகர்ந்தது. "இது மேல் வீதி. ஓம், இது கீழ் வீதி. பிள்ளை, இந்தச் சிவப்புக் கோடு என்னத்துக்கு?"

தாரணி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. படத்தை இழுத்தெடுத்து நாலாய்க் கிழித்து, மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்துவிட்டேன்.

"அப்பா! உது இன்ரநெற்றில ஆரும் பார்க்கலாம்!"

"இன்ரநெற்றில பார்க்கிறவனை ஆமி பிடிக்கிறேல்லை. பையுக்கை வைச்சிருக்கிறவனைத்தான் பிடிக்கும். இதையோ கொண்டு பஸ்ஸில வந்தனீ? மரக்கறி போன கவலையில நிண்ட என்னை, இதோட நிக்க வைச்சியே!"

அவள் அழுதாள். அண்ணி மட்டும் எரிகிற தாளையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மெதுவாக, "சிவப்புக் கோடு கீழ் வீதியாலதான் போச்சு, என்ன?" என்றா. நான் குனிந்து அடுப்புத் திரியை இறக்கினேன். அதுவே பதிலாகிவிட்டது என்பது எனக்கு விளங்கியது. விளங்கி என்ன பயன்? அண்ணி எழும்பிப்போய்ச் சட்டிபானை கழுவத் தொடங்கினா.

அன்று பின்னேரம் தாரணியை அந்தக் கீழ் வீதிப் பக்கம் கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டு, சந்தி வருமுன்னமே பாதி வழியில் திரும்பி வந்தேன். துறைமுகத்துக்குப் போகும் பக்கம். ஒரு வேலையும் இல்லாமல் சும்மா நடந்து பார்க்கிற இடமில்லை அது. "எதுக்குப் போறியள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?" என்றேன். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

வரும் வழியில் கோயிலில் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சின்ன அம்மன் கோயில், கொடியேறித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் அம்மன் வீதியுலா. தேர் கிடையாது; லொறியில் சோடனை செய்து அம்மனை எழுந்தருளப் பண்ணிக் கொண்டுபோவார்கள். லொறிக்காரர் செல்வம் மலைநாட்டுப் பக்கத்தவர். கோயில் முகாமையாளர் அவரோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்.

"பெர்மிட்டில கீழ் வீதி இருக்கு. வழமையான வழியாலதான் அம்மன் போகவேணும்."

"பெர்மிட்டுல இருக்கும் சார். ரோட்டுல இருக்கணும்ல?"

தாரணி செல்வத்திடம் போய், "அண்ணா, உங்கட லொறி என்ன அகலம்?" என்று கேட்டாள். பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா?

"கிட்டத்தட்ட ஒரு அம்புலன்ஸ் அளவு இருக்கும் தங்கச்சி. ஏன்?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா, அம்மன் போகக்கூடிய இடமெல்லாம் அம்புலன்சும் போகும்!" எனக்குக் கோபம் தலைக்கேறியது. உலகமாதாவைக் கொண்டுபோய் எதோடு வைத்து அளக்கிறாள்! கன்னத்தில் போட்டுக்கொண்டு அவளையும் போடச் சொன்னேன். போட்டாள். ஆனால் கண் லொறிச் சில்லில்தான் இருந்தது.

அடுத்த நாள் மாலை அம்மன் புறப்பட்டா. அண்ணி வரவில்லை. வாசலில் நிறைகுடம் வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறேன் என்றா. போன வருடம் இதே நாட்களில் வீட்டில் அண்ணர் செத்த துடக்கு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவ. அம்மன் எந்தத் தெருவால் போனா, வந்தா என்று எட்டிப் பார்த்ததுகூட இல்லையாம். அதற்குப் பிறகும் அந்தச் சந்திப் பக்கம் கால் வைத்ததில்லை.

நாதஸ்வரம் வாசிக்க, வாசலுக்கு வாசல் நின்று, தேங்காய் உடைத்து, கர்ப்பூரம் காட்டி, லொறி ஊர்ந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. பேர்னில் நாங்கள் கார் தரிப்பிடத்தைச் சுற்றித்தான் சுவாமி தூக்குகிறோம். அதுவும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மேளம் மெதுவாக அடிக்க வேண்டும். இங்கே சிங்களச் சனமும் கத்தோலிக்கச் சனமும்கூட வாசலில் வந்து நின்று கும்பிட்டார்கள். நான் தேவாரம் பாடிக்கொண்டு போனேன். தாரணி லொறிக்குப் பின்னால் வீதியின் இரண்டு கரையையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கீழ் வீதிக்குத் திரும்பும் சந்தியில் லொறி நின்றது. முன்னால் தார்ப் பீப்பாய்ப் பரல்கள், அதற்குப் பின்னால் மண்மூட்டை, அதற்கும் பின்னால் முட்கம்பி. இரண்டு ஆமிக்காரர். முகாமையாளர் பெர்மிட்டைக் காட்டினார். ஆமிக்காரர் அதை வாசித்துவிட்டு, "சரிதான், கையெழுத்தும் சரி. ஆனால் இதைத் திறக்கிறதுக்கு எனக்கு உத்தரவு இல்லை," என்றார். முகாமையாளர் ஆரம்பித்தார். அரை மணித்தியாலம். கர்ப்பூரம் எரிந்து முடிந்து, வேறு கர்ப்பூரம் வைத்து, அதுவும் முடிந்தது.

லொறியைப் பின்னுக்கு எடுத்தால் விஷயம் முடிந்தது. ஆனால் அம்மன் பின்பக்கமாகப் போகலாமா? அபசகுனம்! ஒருவரும் சம்மதிக்கவில்லை. நானும்தான். "பொடிச்சியள் விலகுங்கோ, அம்மனை இறக்கி லொறியைத் திருப்புவம்!" என்று ஆண்கள் எல்லாரும் ஏறினார்கள்.

செல்வம் இறங்கி வந்து வேர்வையைத் துடைத்தார். "போன வருசமும் இதே கூத்து. இதே எடத்துல தூக்கித் திருப்பினோம். சொன்னா யாரு கேக்குறாங்க?"

தாரணி அவர் முன்னால் போய் நின்றாள். "போன வருசமும் இது அடைச்சிருந்ததோ? எப்ப இருந்து?"

"கொடியேத்துன அன்னைக்கே அடைச்சிட்டாங்க தங்கச்சி. வாழைமரம் ஏத்திக்கிட்டு இந்த வழியாத்தானே வந்தேன், திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் தெறக்கவேயில்லை."

அண்ணர் செத்தது கொடியேறி நாலாம் நாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். லொறியில் அரோகரா என்ற சத்தத்தோடு அம்மன் எழும்பினா.

இவ்வளவு தெரிந்த பிறகாவது பேசாமல் நிற்கவேண்டியதுதானே? ஆரம்பித்துவிட்டாள். பரலுக்கும் மதிலுக்கும் இடையில் குதிக்கால் பெருவிரலைத் தொட, அடிமேல் அடி வைத்து அகலம் அளக்கிறாள்! ஆமிக்காரர் கண்டுவிட்டார். "ஏய், அந்தப் பெண் என்ன செய்கிறாள்?"

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, தட்டும் கையுமாக, பளிச்சென்று சிங்களத்தில் சொன்னா: "நேர்த்திக்கடன் மகன். அடிப்பிரதட்சணை. அம்மனுக்குப் பின்னால் அடியடியாகப் போகவேண்டும்." ஆமிக்காரர் தலையாட்டினார். "எங்கள் அக்காவும் பத்தினித் தெய்வத்துக்கு ஒரு நேர்த்தி வைத்தவ," என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

எனக்கு உயிர் வந்தது. வந்த கையோடு ஆத்திரமும் வந்தது. அம்மனுக்கு முன்னாலேயே அம்மன் பெயரில் பொய்! "இனி நிப்பாட்டக் கூடாது," என்று மகளிடம் சொன்னேன். "நேர்த்தி எண்டு சொன்னால் நேர்த்திதான். கோயில் வாசல் மட்டும் இப்பிடியே வா."

"அப்பா, அது எவ்வளவு தூரம் தெரியுமோ?"

"நீதானே தூரம் அளக்கிறனீ? அள."

முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் வந்தாள். பாதியில் செருப்பைக் கழற்றி என் கையில் தந்தாள். முணுமுணுப்பும் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிட்டது. அம்மன் முன்னால் போக, அவள் பின்னால் போக, நான் அவளுடையதும் என்னுடையதுமாக இரண்டு சோடிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அண்ணியின் வாசலுக்கு அம்மன் வந்தபோது அண்ணி தேங்காய் உடைத்தா, விபூதி வாங்கிப் பூசினா. அம்மன் கோயிலுக்குள் போனதும் நாங்கள் திரும்பி வந்தோம். அண்ணி பிளேன்டித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. தாரணி கால் வீங்கிப்போய் நிலத்தில் இருந்தாள்.

"பெரியம்மா, சிவப்புக் கோடு பிழை."

அண்ணி நிமிரவில்லை.

"கீழ் வீதி பூட்டிக் கிடக்கு. போன வருசம் கொடியேறின அண்டே பூட்டியாச்சு. அம்மனையே திருப்பி விட்டவை. நீங்கள் அந்தப் பக்கம் போயிருந்தாலும் சந்தியோட திரும்பி, வரிசைக்குக் கடைசியாத்தான் வந்திருப்பியள். நீங்கள் சொன்ன வழிதான் இருந்த ஒரே வழி."

"எனக்காகச் சொல்லுறியோ?"

"பெரியம்மா, எனக்குப் பொய் சொல்ல வராது. அப்பாவைக் கேளுங்கோ, அதாலதான் அவருக்கு இவ்வளவு வருத்தம்."

அண்ணி என்னைப் பார்த்தா. "ஓம் அண்ணி, நானும் கண்ணால பார்த்தனான்," என்றேன்.

அண்ணி கேத்தலை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தா. அழப்போகிறா என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப ரெண்டு பக்கமும் அடைச்சு வைச்சிட்டோ என்னட்டைக் கேட்டவன், எந்தப் பக்கம் எண்டு?" என்றா. அது கேள்வி மாதிரித்தான் தொடங்கியது. பிறகு குரல் ஏறியது. பரல் வைத்தவனை ஏசினா. வைக்கச் சொன்னவனை ஏசினா. வராத அம்புலன்சை, வரிசையில் விலகாதவர்களை, சண்டை பிடிக்கிற இரண்டு பக்கத்தாரையும், ஒரு வருடமாய் விதி விதி என்று சொன்ன என்னையும் சேர்த்து ஏசினா. தமிழ் போதாமல் சிங்களத்தில் ஏசினா. அந்த அமைதியான மனுசிக்கு இவ்வளவு வார்த்தை தெரியும் என்று எனக்குத் தெரியாது.

வீதிக்குக் கேட்கப் போகிறதே என்று நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். முன் யன்னலைச் சாத்தினேன். "அண்ணி, மெதுவா, மெதுவா," என்றால் இன்னும் கூடுகிறது. குசினி யன்னலுக்குக் கொளுக்கி இல்லை. சாத்தச் சாத்தக் காற்றுக்குத் திறந்து திறந்து போனது. தாரணி, "விடுங்கோ அப்பா, பேசட்டும்," என்றாள். அண்ணி ஏசி முடியுமட்டும் அந்த யன்னலைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.